கத்தியின் கூர்மையும் கல்பின் ஈரமும்





சென்ற குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜுமுஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பள்ளிப்பட்டு மஹல்லாவைச் சேர்ந்த இரண்டு சிறுவர்கள், உடன்பிறந்தவர்கள், பள்ளிவாசல் வாசலில் ஒரு துணிப்பையுடன் காத்து நின்றார்கள். "ஹஜ்ரத், இதை அறுத்துத் தாருங்கள். அம்மா குழம்பு வைத்துத் தருவதாகச் சொன்னார்கள்" என்று பையைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஒரு கௌதாரியும் இரண்டு தவிட்டுப்புறாக்களும் கிடந்தன. ஊருக்கு வெளியே கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் உண்டிவில்லால் அடித்தவையாம். புறாக்கள் இரண்டும் இறந்து குளிர்ந்துவிட்டன. கௌதாரிக்கு மட்டும் உயிர் இருந்தது. ஒரு சிறகு முறிந்து தொங்கியது. கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் என் நினைவில் நின்றது அதன் வேதனை ஒன்றுதான். மோதினாரை அழைத்துப் பள்ளிவாசல் கத்தியைக் கொண்டுவரச் சொன்னேன். ஊரார் கொண்டுவரும் கோழிகளை அறுத்துக் கொடுப்பதற்காகப் பல ஆண்டுகளாக அலமாரியில் இருக்கும் கத்தி அது. அதன் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. ஓரிடத்தில் துருவும் ஏறியிருந்தது. சாணைக்கல்லைத் தேடி எடுத்து, தண்ணீர் விட்டுத் தீட்டத் தொடங்கினோம். கத்தி தயாராவதற்குள் கௌதாரியின் மூச்சு நின்றுவிட்டது.

சிறுவர்களை அழைத்துப் புத்தி சொல்ல நினைத்திருந்த எனக்கு, முதலில் நானே வெட்கப்பட வேண்டியதாயிற்று. அவர்களின் உண்டிவில்லில் ஒரு தவறு இருந்தது என்றால், என் பொறுப்பில் இருந்த கத்தியிலும் ஒரு தவறு இருந்தது. மூன்று பறவைகளையும் பள்ளிவாசல் பின்புறம் குழி தோண்டிப் புதைத்தோம். அன்று அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னதையும், அவர்களோடு சேர்ந்து நானும் மீண்டும் படித்துக்கொண்டதையும் இங்கே உங்களுக்கு எழுதுகிறேன்.

எந்தக் கருவியால் அறுக்கலாம்?

ஒரு பயணத்தில் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) அவர்கள், தங்களிடம் கத்தி இல்லாத நிலையில் எதனால் அறுப்பது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். இரத்தத்தை ஓடச் செய்யும் எதனால் அறுக்கப்பட்டாலும், அதன் மீது அல்லாஹ்வின் பெயரும் கூறப்பட்டிருந்தால் உண்ணலாம். ஆனால் பல்லாலும் நகத்தாலும் அறுக்கக் கூடாது என்று நபியவர்கள் விளக்கினார்கள். பல் என்பது எலும்பு என்றும், நகம் என்பது அபிசீனியர்களின் கத்தி என்றும் காரணமும் கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் ஹதீஸ் இது.

கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் பணிப்பெண் ஒருவர் மதீனாவின் ஸல்உ மலைப்பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆடு சாகும் நிலையை அடைந்தபோது, ஒரு கல்லை உடைத்து அதன் கூரிய முனையால் அறுத்துவிட்டார். நபி (ஸல்) அவர்கள் அதை உண்ண அனுமதித்தார்கள் என்று புகாரி பதிவு செய்கிறார்.

சகோதரர்களே! இந்த இரண்டு செய்திகளிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? கருவி இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்று மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அது அறுக்க வேண்டும். இரத்தம் ஓட வேண்டும். நசுக்குவதும், கிழிப்பதும், திருகுவதும், கடிப்பதும் அறுப்பு ஆகாது.

வேட்டையிலும் இதே அளவுகோல்தான். அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் 'மிஃராள்' எனப்படும் இறகில்லாத வேட்டைக் கோலைப் பற்றிக் கேட்டார்கள். அதன் கூர்முனை பட்டு இறந்ததை உண்ணலாம். அதன் பக்கவாட்டுப் பகுதி பட்டு இறந்ததை உண்ணக் கூடாது, அது அடிபட்டுச் செத்தது என்பது நபியவர்கள் தந்த பதில். எய்தவர் ஒருவரே, கோலும் ஒன்றே. எனினும் பட்ட விதம் மாறியதும் சட்டமும் மாறிவிட்டது. அடிபட்டுச் செத்தவற்றை அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம், கழுத்து நெரிந்து செத்தவை, மேலிருந்து விழுந்து செத்தவை ஆகியவற்றுடன் சேர்த்துத் தடை செய்கிறது.

உண்டிவில்லும் துப்பாக்கியும்

உண்டிவில்லில் இருந்து பறக்கும் கல்லுக்கு முனை இல்லை. அது எலும்பை முறிக்கிறது. உள்ளே இரத்தத்தைக் கட்டவைக்கிறது. ஆகவே அந்தப் புறாக்கள் இரண்டும் அடிபட்டுச் செத்தவையே. எறியும்போது பிஸ்மில்லாஹ் சொன்னதாக இளையவன் கூறினான். பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் பெயர் கூறுவது மட்டும் போதாது; கருவியும் தகுதியானதாக இருக்க வேண்டும்.

அப்துல்லாஹ் பின் முகஃப்ஃபல் (ரலி) அவர்கள் தம் அருகில் ஒருவர் விரலிடுக்கில் பொடிக்கல் வைத்துச் சுண்டி எறிவதைக் கண்டு தடுத்தார்கள். அதனால் வேட்டைப் பிராணியும் கிடைக்காது, எதிரியும் வீழமாட்டான், ஆனால் அது பல்லை உடைக்கும், கண்ணைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் தடை செய்ததை எடுத்துக் கூறினார்கள். குறி தவறிய உண்டிவில் கல், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணைப் பறித்துவிட்டால் பதில் சொல்வது யார்? பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

உயிருள்ள ஒன்றைக் கட்டிவைத்துக் குறிபார்த்து எறிந்து விளையாடிய குறைஷிக் குல இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்ததும், அவ்வாறு செய்வோரை நபியவர்கள் சபித்ததாக அறிவித்ததும் இரு ஸஹீஹ் நூல்களிலும் உள்ளன. விளையாட்டுக்காக உயிரைக் குறி வைப்பது நம் மார்க்கத்தில் இல்லை.

துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்த பறவையைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது விசையால் கொல்கிறதேயன்றி முனையால் அறுப்பதில்லை என்பதால் கூடாது என்று நம் நாட்டு ஹனஃபி உலமாக்களில் பலர் கூறுகின்றனர். துளைத்துச் செல்வதால் கூடும் என்று கூறுவோரும் உள்ளனர். உயிருடன் கையில் கிடைத்தால் அறுத்தே ஆக வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். மருத்துவ ரீதியாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேட்டைத் துப்பாக்கியின் இரவைகள் பெரும்பாலும் ஈயத்தால் ஆனவை. கண்ணுக்குத் தெரியாத துகள்களாக அவை சதையில் சிதறித் தங்கிவிடுகின்றன. கழுவினாலும் சமைத்தாலும் ஈயம் போவதில்லை. வளரும் குழந்தைகளின் மூளைக்கு அது கேடு.

காட்டுப் பறவையும் நாட்டுச் சட்டமும்

மார்க்கம் அனுமதித்த வேட்டை நம் ஊரில் இன்று கூடுமா? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி, காட்டுக்காடை, நீர்ப்பறவைகள் உள்ளிட்ட நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம். கொல்வது மட்டுமன்று, கண்ணி வைத்துப் பிடிப்பதும், கூட்டைக் கலைப்பதும், முட்டையை எடுப்பதும் அச்சட்டத்தின் பார்வையில் வேட்டையே. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முதல் அட்டவணையில் உள்ள உயிரினங்களுக்குத் தண்டனை இன்னும் கடுமையானது.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஏவும் வசனத்துடன்தான் அல்மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது. நாம் வாழும் நாட்டின் சட்டத்திற்குக் கட்டுப்படுவதும் ஒப்பந்தமே. வேட்டையே வேலையாக அலைபவர் மறதியில் வீழ்கிறார் என்ற நபிமொழியையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உணவுக்கு வழியில்லாமல் நம்மில் யாரும் இன்று உண்டிவில் எடுப்பதில்லை.

இன்னொன்றையும் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன். "தலையில் விசிறிபோல் கொண்டை வைத்த பறவையை அடித்ததுண்டா?" என்றேன். கொண்டலாத்தியைத்தான் கேட்டேன். ஸுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டின் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் அதுவே. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், கீச்சான் ஆகிய நான்கையும் கொல்ல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. கொண்டலாத்தியும் கீச்சானும் நம் வயல் வரப்புகளில் அன்றாடம் காணும் பறவைகள். அவை புழு பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவுகின்றன. பெயர் தெரியாமல் குறி வைக்கும் பிள்ளைக்கு இந்தத் தடை எப்படித் தெரியும்? நாம்தான் பறவைகளைக் காட்டிப் பெயர் சொல்லித் தர வேண்டும்.

பறவையைக் காப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. நமது திருவள்ளூர் மாவட்டம் முன்பு சேர்ந்திருந்த பழைய செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏரிப் பறவைகளைச் சுட வந்தவர்களுக்கு எதிராக அவ்வூர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, சுடக் கூடாது என்று உத்தரவு பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அந்த எளிய உழவர்கள் அறிந்திருந்தார்கள். நம் மாவட்டத்தின் கீழைக் கோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு அப்பால், பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகளும் அதே அமானிதத்தின் பகுதியே.

காடைக் கறிக்கு ஆசைப்படுவோர் என்ன செய்வது? இஸ்ரவேலர்களுக்கு மன்னுடன் இறக்கப்பட்ட 'ஸல்வா' காடைதான் என்று விரிவுரையாளர்கள் கூறுவர். கடையில் விற்கும் ஜப்பானியக் காடை பண்ணையில் வளர்ப்பது. சென்னையில் உள்ள கோழியின ஆராய்ச்சி நிலையம் நம் தட்பவெப்பத்திற்கேற்ற காடை இனங்களை உருவாக்கித் தந்துள்ளது. அதன் முட்டை 17, 18 நாட்களில் பொரிக்கிறது; ஐந்தாறு வாரங்களில் சுமார் 200 கிராம் எடையுடன் கறிக்குத் தயாராகிறது. ஹலாலான வழி இவ்வளவு அருகில் இருக்கும்போது வயலில் திரியும் கௌதாரியை ஏன் துரத்த வேண்டும்?

கத்தியைத் தயார் செய்தல்

எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், அறுக்கும்போது அழகாக அறுத்து, கத்தியைத் தீட்டிக்கொண்டு, பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. பிராணியைக் கீழே கிடத்தி வைத்துக்கொண்டு அதன் கண்ணெதிரே கத்தி தீட்டிய ஒருவரை, அதை இரண்டு முறை சாகடிக்க விரும்புகிறாயா என்று நபியவர்கள் கடிந்துகொண்டதாகவும் வந்துள்ளது. ஆகவே கத்தி தீட்டுவது பறவையைக் கையில் பிடிப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டிய வேலை. அன்று நான் தவறியது இங்கேதான்.

கோழிக்கும் காடைக்கும் பெரிய கசாப்புக் கத்தி தேவையில்லை. மெல்லிய, நேரான, பற்கள் இல்லாத சிறிய கத்தியே ஏற்றது. பல் வைத்த கத்தி சதையைக் கிழிக்கும். சாணைக்கல்லில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருக்கும். முனை மழுங்கியிருந்தால் முதலில் சொரசொரப்பான பக்கத்திலும், பிறகு வழவழப்பான பக்கத்திலும் தண்ணீர் விட்டுத் தீட்ட வேண்டும். கத்தியைக் கல்லின் மீது 15 முதல் 20 பாகை வரை சாய்த்து, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். தொங்கவிட்ட செய்தித்தாளைச் சிக்காமல் வெட்டினால் கத்தி தயார். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால், நெடுநேரம் தீப்பொறி பறக்கத் தீட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடு ஏறினால் இரும்பின் பதம் போய், முனை விரைவில் மழுங்கிவிடும். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, உலர்த்தி வைத்தால் துரு ஏறாது.

அறுக்கும் இடம் கழுத்து. மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இரு பக்கத்து இரத்தக் குழாய்கள் ஆகிய நான்கையும் ஒரே ஓட்டத்தில் அறுப்பதே முழுமை. ஹனஃபி மத்ஹபில் நான்கில் மூன்றேனும் அறுபட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுமையாக அறுபட வேண்டும். உயிர் பிரியும் முன் கழுத்தெலும்பை முறிப்பதும் தலையைத் துண்டிப்பதும் வெறுக்கத்தக்கவை.

அறுத்த பின் பொறுமை

சகோதரர்களே! அவசரத்தால் நாம் அதிகம் தவறுவது இந்தக் கட்டத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை முன் நின்று பாருங்கள். அறுத்த கோழியைப் பிளாஸ்டிக் டிரம்மில் வீசுகிறார்கள். அது ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து துடிக்கிறது. துடிப்பு அடங்கும் முன்பே வெந்நீரில் அமிழ்த்துகிறார்கள். "சீக்கிரம் கொடுங்கள் பாய்" என்று அவசரப்படுத்துவது யார்? வரிசையில் நிற்கும் நாம்தான்.

இதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. தகரத்தாலோ எவர்சில்வராலோ செய்த கூம்பு வடிவக் குழாயில் பறவையைத் தலைகீழாக இறக்கி, கீழே நீளும் கழுத்தை அறுத்துவிட்டால், இறக்கை அடித்துப் புரளாமல் இரத்தம் முழுவதும் வடிந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தால் போதும். இரத்தம் தங்கிய இறைச்சி கருத்து, விரைவில் கெடும். ஓடும் இரத்தத்தை மார்க்கம் தடுத்ததும் பறவைக்குக் காட்டும் இரக்கமும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன.

அடுத்து வெந்நீர். இறகு இளகுவதற்குக் கொதிநீர் தேவையில்லை. 50 முதல் 60 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் ஒரு நிமிடம் அளவுக்கு முக்கினால் போதும். அதற்கு மேல் போனால் தோல் வெந்து கிழியும். நம் ஹனஃபிச் சட்ட நூல்கள் இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் கூறுகின்றன. குடலை நீக்காத கோழியைக் கொதிநீரில் நெடுநேரம் போட்டு, உள்ளிருக்கும் அசுத்தம் சதையில் ஊறிவிட்டால் அது தூய்மையாகாது. இறகு இளகும் அளவுக்கு மட்டும் முக்கி எடுத்தால் கழுவித் தூய்மையாக்கலாம் என்பது அதன் கருத்து. காடையானால் வெந்நீரே வேண்டாம். தோலோடு சேர்த்து இறகைக் கையாலேயே உரித்துவிடலாம்.

சுத்தம் செய்தல்

பறவையின் உடல் சூட்டோடு இருக்கையில் குடலை நீக்கிவிட வேண்டும். நம் பக்கத்து வெயிலில் சில மணி நேரத் தாமதமே கெடுதி விளைவிக்கும். காடைக்குக் கத்தியைவிடக் கூரிய சிறு கத்தரிக்கோல் வசதியானது. கழுத்தடியில் தீனி தங்கும் பையை முதலில் பிடுங்கி எடுக்க வேண்டும். பின் ஆசனவாயைச் சுற்றி வெட்டி, குடலைக் கிழிக்காமல் மொத்தமாக வெளியே இழுக்க வேண்டும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பை உடைந்தால் கறி கசக்கும். ஹனஃபி மத்ஹபில் பித்தப்பை உண்ணத் தகாதவற்றில் ஒன்று. வாலின் மேல் உள்ள எண்ணெய்ச் சுரப்பியையும் வெட்டி எறிவது நல்லது. தீனி அரைக்கும் தடித்த பையைப் பிளந்து, மணலையும் உள்தோலையும் நீக்கினால் அதை உண்ணலாம்.

பச்சை இறைச்சிக்கென்று தனிப் பலகையும் தனிக் கத்தியும் வைத்துக்கொள்ளுங்கள். அதே பலகையில் வெங்காயமும் தக்காளியும் நறுக்கினால் ஸால்மோனெல்லா போன்ற கிருமிகள் சமைக்காத உணவுக்குத் தாவும். குழாயை வேகமாகத் திறந்து கழுவினால் நீர்த்துளிகள் அடுக்களை முழுவதும் தெறிக்கும். பாத்திரத்தில் நீர் பிடித்து நிதானமாகக் கழுவுங்கள். கைகளையும் பலகையையும் சோப்பால் கழுவிவிடுங்கள். காரணமின்றிச் செத்துக் கிடக்கும் பறவையைக் கையால் தொடாதீர்கள். 2006இல் மகாராஷ்டிராவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பறவைக்காய்ச்சல், அதன் பின்னும் நம் நாட்டில் பலமுறை தலைகாட்டியிருக்கிறது. இறகையும் குடலையும் வாய்க்காலில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். தூய்மை ஈமானோடு சேர்ந்தது என்று மேடைகளில் பேசும் நாம், தெருநாய் இழுத்துச் செல்லும்படி கழிவைப் போடலாமா?

நாளை வரும் கேள்வி

ஒரு சிட்டுக்குருவியையோ அதைவிடப் பெரியதையோ உரிமையின்றிக் கொன்றால் அதுபற்றி அல்லாஹ் விசாரிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதன் உரிமை எது என்று கேட்கப்பட்டபோது, அறுத்து உண்பதே உரிமை, தலையைத் துண்டித்து வீசிவிடுவதன்று என விளக்கியதாக நஸாயீயில் வருகிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகள் இரண்டை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு நபியவர்கள் உத்தரவிட்டார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. அறுக்க அனுமதித்த நபியும், குஞ்சைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபியும் ஒருவரே என்பதை மறந்துவிட வேண்டாம்.

நாம் அன்றாடம் கறி உண்கிறோம். தட்டில் வந்தபின் ஹலாலா என்று கேட்கிறோம். கத்தி கூராக இருந்ததா, உயிர் அடங்கும் வரை காத்திருந்தார்களா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியையும் கேளுங்கள். உங்கள் ஊர்க் கறிக்கடைக்காரரிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். "பொறுத்து வாங்கிக்கொள்கிறோம், அவசரம் இல்லை" என்று நாம் சொன்னால் அவரும் பொறுப்பார்.

எங்கள் பள்ளிவாசல் அலமாரியில் இப்போது புதிய கத்தி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வியாழன் மாலையும் அதைத் தீட்டித் துடைத்து வைக்கும் பொறுப்பை அந்த இரு சிறுவர்களில் மூத்தவன், மோதினாரின் மேற்பார்வையில் ஏற்றிருக்கிறான். இளையவன் உண்டிவில்லைத் தானாகவே என்னிடம் கொண்டுவந்து தந்துவிட்டான். அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுடைய தவறு என் நினைவுக்கு வருவதில்லை. அன்று மழுங்கிக் கிடந்த எங்கள் கத்திதான் நினைவுக்கு வருகிறது.

வாயில்லாத உயிர்களின் விஷயத்தில் நம் கைகளால் நேர்ந்த குறைகளை அல்லாஹ் மன்னிப்பானாக! நம் உணவை ஹலாலாகவும் தூயதாகவும் ஆக்குவானாக! நம் உள்ளங்களிலும் நம் பிள்ளைகளின் உள்ளங்களிலும் இரக்கத்தை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.